சுழியின் வாலைக் கத்தரித்தேன்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி, இப்போது கடையை நடத்தும் பெண்கள் இரண்டு பேரும் கேட்டார்கள். முப்பது வருடம் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரே மாடியில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள் நான். கீழே இருந்த கேசட் கடை செல்போன் கடை ஆனது, மேலே நான் மட்டும் அப்படியே நின்றேன். கடைசியில் முழங்கால் இரண்டும் ஓய்வு கேட்டன, நானும் அவற்றோடு சேர்ந்து வாங்கிக்கொண்டேன்.

ஃபேஷியல் போடுவது, புருவம் எடுப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போனில் பார்த்தே கற்றுக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். அதனால் அதையெல்லாம் விட்டுவிட்டு, நெற்றியில் விழுகிற மாதிரி முன்முடி வெட்டுகிற சமாச்சாரத்தை மட்டும் சொல்கிறேன். நீங்கள் ஃப்ரிஞ்ச் என்கிறீர்களே, அதுதான். மொத்தம் மூன்று விரல் அகல முடி. அதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் கல்யாணத்தையே நான் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டேன்.

ஃப்ரிஞ்ச் வேண்டும் என்று வருகிற பெண் முதலில் போனை நீட்டுவாள். அதில் ஒரு கொரியாப் பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அந்தக் கொரியாப் பெண்ணுக்கு நம் ஊர் மே மாதம் தெரியாது. தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பழக்கமும் இல்லை. இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் அக்காவுக்கு வெட்டத் தெரியவில்லை என்று அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள்.

வேறு சிலர் கோபத்தில் வருவார்கள். ஒருமுறை ஒரு அம்மா மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு, செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் வந்து உட்கார்ந்து, "வெட்டுங்க, எவ்ளோ வேணா வெட்டுங்க" என்றார். நான் கீழே சொல்லி டீ வரவழைத்தேன். டீ முடிந்ததும் மாமியார் கதை முக்கால் மணி நேரம் ஓடியது. அப்புறம் புருவம் மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபம் இரண்டு நாளில் இறங்கிவிடும், வெட்டிய முடி வளர நாலு மாதம் ஆகும் என்ற கணக்கு எனக்குத் தெரிந்திருந்தது. இவ்வளவு புத்தி இருந்தும் ஒரு சனிக்கிழமை மாட்டிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கவரைப்பேட்டையிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் பெயர் சங்கீதா. தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்க்கிறவள், இருபத்து நாலு வயது இருக்கும். பார்லரில் நான் எல்லாருக்கும் அக்காதான். அம்மாவுக்கும் அக்கா, மகளுக்கும் அக்கா. மகள் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அம்மா பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பேசியது முழுக்க அம்மாதான்.

விஷயம் இதுதான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு சங்கீதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையன் அதே கம்பெனியில் மெயின்டனன்ஸில் வேலை செய்கிறான். இரண்டு வருடமாக ஒரே பஸ்ஸில் போய்வந்து பழக்கம். விசாரித்தால் தூரத்து உறவாகவும் இருந்துவிட்டது, அதனால் சாதி, பணம் என்று எந்தத் தகராறும் இல்லை. இரண்டு வீட்டிலும் சம்மதம். ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. பையனுக்குப் பெரியப்பா.

பையனின் குடும்பம் திருவாலங்காட்டுப் பக்கம், நெல் பயிரிடுகிறவர்கள். அந்தப் பெரியப்பா ஒரு காலத்தில் மாடு பார்ப்பதில் பேர் போனவர். ஊரில் யார் சந்தைக்குப் போனாலும் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். மாட்டின் மேல் எங்கெங்கே சுழி இருக்கிறது, எந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகும், எது ஆகாது என்று பார்த்துச் சொல்வார். டிராக்டர் வந்த பிறகு மாட்டுக்கு வேலை போய்விட்டது. பெரியப்பாவுக்கு மட்டும் போகவில்லை. வீட்டில் எந்தப் பையனுக்குப் பெண் பார்த்தாலும் அவரைத்தான் முன்னால் உட்காரவைத்தார்கள். அவர் தலையாட்டினால்தான் தட்டு மாற்றுவார்கள்.

சங்கீதாவுக்கு நெற்றிக்கு மேலே, இடது பக்கம் முடி ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு சுழி இருந்தது. சின்னச் சுழி. ஆனால் போன வருடம் வந்த வேறொரு வரன் அதனால்தான் தட்டிப்போனது. பூ வைக்க வந்த மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, முகம் மாறி, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டாராம். இப்போது வருகிறவரோ சுழி பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தவர்.

"நெத்திய மறைக்கற மாதிரி வெட்டி வுடுங்கக்கா," என்றார் அம்மா. "நாளிக்கு ஒரு நாளு படிஞ்சி நின்னா போதும். தட்டு மாத்திட்டா அப்பறம் இன்னாவா இருந்தா இன்னா."

நான் கேள்விகள் கேட்டேன். நல்ல பார்லர்காரி கேட்கிற கேள்விகள். எத்தனை மணிக்கு வருகிறார்கள், என்ன நிறப் புடவை, பூ நிறைய வைப்பீர்களா, முடி எப்போதும் எண்ணெய்ப் பசையா, வறட்சியா. எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்து பதில் வந்தது. சங்கீதா கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முன்சுழி இருக்கிற நெற்றியில் ஃப்ரிஞ்சைக் குட்டையாக வெட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். நீளமாக இருக்கும்வரை முடி தன் கனத்திலேயே படிந்து கிடக்கும். குட்டையாக வெட்டினால் கனம் போய்விடும், முடி எழுந்து நிற்கும். சுழியை மறைக்க வெட்டுவது, திருடனை மறைக்க வாசலில் லைட் போடுகிற மாதிரி. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அம்மா இதைத்தான் முதல் மாதமே சொன்னார், ஈர முடி பொய் சொல்லும், அதை நம்பாதே என்று.

அப்புறம் ஏன் வெட்டினாய் என்று கேட்பீர்கள். திமிர்தான். பஜாரில் நாலு பார்லர் வந்துவிட்ட சமயம் அது. அக்கா கை வைத்தால் எந்த முடியும் அடங்கும் என்று ஒரு பேச்சு இருந்தது, அந்தப் பேச்சை நானும் நம்பிவிட்டேன். ஈரம் செய்து, இழுத்துப் பிடித்து வெட்டினேன். டிரையர் போட்டேன், முடி நீவுகிற சூட்டு இரும்பை வைத்து அழுத்தினேன், ஸ்பிரே அடித்தேன். முடி அப்படியே படிந்தது. சுழி போன இடம் தெரியவில்லை. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிப் போகும்வரை தலையில் தண்ணீர் படக் கூடாது என்று மூன்று முறை சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குப் போன் வந்தது. அம்மா அழுதுகொண்டே பேசினார். பெண் பார்க்க வருகிற நாளில் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் எப்படி உட்காரவைப்பது என்று விடியற்காலையிலேயே மகளைத் தலைக்குக் குளிக்கவைத்துவிட்டாராம். நான் சொன்னதை அவர் மறக்கவில்லை. முன்னால் மட்டும் ஒரு பாலிதீன் கவரைச் சுற்றிவிட்டுத்தான் ஊற்றினாராம், அதற்குள்ளும் தண்ணீர் இறங்கிவிட்டதாம். இதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெண் பார்க்கிற நாளில் தலைக்குக் குளிக்காத வீடு நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது? அத்தனை வருடம் இந்த ஊரில் தொழில் செய்த எனக்கு அது முந்தின நாளே தெரிந்திருக்க வேண்டும்.

கவரைப்பேட்டை அடுத்த ஸ்டேஷன்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ரயிலை நம்ப முடியாது என்று ஆட்டோவில் போனேன். பையில் டிரையர், இரும்பு, ஜெல், கிளிப், கத்தரி எல்லாம் இருந்தன. போய்ப் பார்த்தால் சங்கீதாவின் நெற்றிக்கு மேல் முடி சேவல் கொண்டை மாதிரி நின்றது. இரண்டாகப் பிரிந்து, நடுவில் சுழியை நன்றாகக் காட்டிக்கொண்டு நின்றது. டிரையரை எடுத்தேன், கரண்ட் இல்லை. பராமரிப்புக்காக நிறுத்தியிருக்கிறார்கள், மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் வரும் என்றார்கள்.

ஜெல் போட்டேன், அடங்கவில்லை. ஏற்கெனவே அம்மா தேங்காய் எண்ணெய் வைத்துப் பார்த்திருந்ததால் ஜெல் வழுக்கியது. தண்ணீர் தொட்டு அழுத்தினேன். கையை எடுத்ததும் எழுந்தது. மணி பத்தேகால். என் நெற்றியிலும் வியர்த்துக் கொட்டியது. அப்போது நான் செய்தது உங்களில் ஒவ்வொருவரும் ஒருநாள் செய்யப்போகிற காரியம். வெட்டியதால் வந்த வினையை இன்னும் கொஞ்சம் வெட்டிச் சரிசெய்துவிடலாம் என்று தோன்றியது. நிற்கிற முடியை அடியோடு எடுத்துவிடலாம் என்று கத்தரியை எடுத்தேன்.

சங்கீதா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் குரலை நான் ஒழுங்காகக் கேட்டது அப்போதுதான்.

"போதும்க்கா. நேத்து எங்கம்மாவ அத்தினி கேள்வி கேட்டீங்களே. என்னிய ஒண்ணாச்சும் கேட்டீங்களா?"

 புடவை நிறம்வரை கேட்டிருக்கிறேன். இந்தத் தலை யாருடையதோ அவளிடம், உனக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை. அவமானமாக இருந்தது. அவள் சத்தம் போடவில்லை, அதனால் இன்னும் அவமானமாக இருந்தது.

அவளே மெதுவாகச் சொன்னாள். சுழி இருப்பது பையனுக்குத் தெரியும். ஒரே பஸ்ஸில் இரண்டு வருடம் போனவனுக்குத் தெரியாதா? பெரியப்பாவுக்கு இன்றைக்கு மறைத்தால், நாளைக்கு அதே வீட்டில் அவர் முன்னால்தானே காப்பி டம்ளரோடு நடமாட வேண்டும். அப்போது தெரியவந்தால் ஏமாற்றினாள் என்ற பேரும் சேர்ந்துகொள்ளும். முந்தின நாள் பார்லரிலேயே சொல்ல நினைத்திருக்கிறாள். ஆனால் போன வரன் போனதிலிருந்து அம்மா ஒழுங்காகச் சாப்பிடவில்லை, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறாள்.

"கிளிப் குடுங்க," என்றாள். முடியை மேலே தள்ளி, சுழி நன்றாகத் தெரிகிற மாதிரி தானே குத்திக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். பெரியப்பா எழுபது வயதைத் தாண்டியவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பேசுவதற்கு முன்னால் பார்க்கிற கண். பையன் சுவரோரம் உட்கார்ந்து, மிக்சர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சமையலறை வாசலில் நின்றேன். கிளம்பிப் போயிருக்கலாம், யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. என்ன ஆகிறது என்று பார்க்காமல் போக மனம் வரவில்லை.

சங்கீதா காப்பி கொடுத்தாள். பெரியவர் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கரண்ட் இல்லை, வெளிச்சத்துக்கு வா என்று ஜன்னல் பக்கம் கூப்பிட்டார். கிளிப்பை எடுக்கச் சொன்னார். எடுத்தாள், முடி எழுந்து நின்றது. அவர் தொடவில்லை. விரலை மட்டும் காற்றில் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அப்புறம் இன்னொரு முறை சுற்றினார். நெற்றியைச் சுருக்கினார்.

"சுழின்னா வாலு இருக்கணும்," என்றார். "வாலு மேல ஏறிச்சினா ஒரு பலன், கீய எறங்கிச்சினா ஒரு பலன். இதுல வாலையே கத்திரிச்சிகீறாங்க. நான் இன்னான்னு சொல்றது?"

 அவர் திரும்பி உட்கார்ந்தார். சந்தையில் சுழி இருக்கிற மாட்டையெல்லாம் வாங்கி வந்திருக்கிறாராம், ஒன்றும் குடி முழுகிப்போகவில்லையாம். சுழியைக் கத்தரித்து நிறுத்தியிருக்கிற மாட்டை மட்டும் அவர் வாங்கியதே இல்லையாம். அப்படி நிறுத்துகிறவன் வேறு எதை மறைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? இதைச் சொல்லிவிட்டு, "யாரு வெட்டனது?" என்று கேட்டார்.

சங்கீதாவின் அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், பெண் தானே ஆசைப்பட்டு வெட்டிக்கொண்டாள் என்று சொல்லிவிடுங்களேன் என்ற கெஞ்சல் இருந்தது. சொல்லியிருக்கலாம். அந்தக் கூட்டத்தில் நாலு பேர் பஜாருக்கு வந்து போகிறவர்கள், என் கடைப் பேரும் தப்பித்திருக்கும். ஆனால் பழி அந்தப் பெண்ணின் தலையில் விழும். ஏற்கெனவே அந்தத் தலையில் நான் செய்து வைத்திருந்தது போதும்.

"நான்தான் வெட்டினேன் ஐயா. பொண்ணக் கேக்காம வெட்டிட்டேன்," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சந்தையில் தரகரைப் பார்க்கிற பார்வையாக இருக்கும். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மொளைக்கட்டும். மொளைச்சப்பறம் வந்து பாக்கறன்," என்று எழுந்தார்.

அப்போது சங்கீதா கேட்டாள். "பல்லு பாக்கலியா மாமா? அத இன்னும் யாரும் வெட்டல."

மாடு பிடிக்கிறவர்கள் பல்லைப் பார்த்துத்தான் வயசு சொல்வார்கள் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். பெரியவரின் மீசை ஒரு பக்கம் அசைந்தது. கோபமா சிரிப்பா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பையன் மிக்சர் தட்டிலிருந்து நிமிரவே இல்லை.

ஆக, என் மூன்று விரல் முடியால் நடந்தது இவ்வளவு. சும்மா விட்டிருந்தால் அன்றைக்கே வேண்டும், வேண்டாம் என்று ஒரு பதில் கிடைத்திருக்கும். இப்போது முடி முளைக்கும்வரை அந்தப் பெண்ணின் வாழ்க்கை நின்றுபோனது. வீட்டுக்கு வந்து அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை.

மறுநாள் முதல் வேலையாக, முடி வெட்டுகிற இடத்துக்குப் பின்னால் அந்த அம்மா உட்கார்ந்த நாற்காலியை எடுத்து மாடிப்படி ஓரத்தில் போட்டேன். துணைக்கு வருகிறவர்கள் இனி அங்கே உட்காரட்டும் என்று வைத்தேன். இன்றைக்கும் அது அங்கேதான் கிடக்கிறது. வெயில் அடிக்கிறது என்று வருகிற அம்மாக்கள் திட்டுவார்கள், நீங்கள் பாவம் பார்த்து உள்ளே கொண்டுவந்து போட்டுவிடாதீர்கள்.

சங்கீதாவின் முடி வளர்வதற்காக விளக்கெண்ணெயும் கருஞ்சீரகமும் காய்ச்சி ஒரு பாட்டிலில் வைத்திருந்தேன். பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு வாரம் கழித்து, ஷிப்ட் முடிந்து, நெற்றியில் கம்பெனித் தொப்பியின் தடத்தோடு அவள் தனியாக வந்தாள். நான் பாட்டிலை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து துண்டைக் கழுத்தில் தானே சுற்றிக்கொண்டாள்.

"வெட்டுங்கக்கா."

 இந்த முறை நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். புடவை நிறத்தைப் பற்றி இல்லை. உனக்குத்தான் வேண்டுமா, யாராவது சொன்னார்களா, கோபத்தில் வந்தாயா, நாளைக்கு வருத்தப்படுவாயா, கம்பெனியில் தொப்பிக்கு வெளியே தெரிந்தால் திட்ட மாட்டார்களா. எல்லாவற்றுக்கும் அவளே பதில் சொன்னாள். தொப்பிக்குள் முடியை ஒதுக்கித் தலைப்பட்டி கட்டிக்கொள்வாளாம். கடைசியாக, ஏன் என்று கேட்டேன்.

"மொளைச்சா அவரு வந்து வாலப் பாப்பாரு. மேல போச்சினா கல்யாணம், கீய போச்சினா இல்ல. அவர நான் குத்தம் சொல்லலக்கா, அவருக்குத் தெரிஞ்சது அதான். நடுவுல ஒருத்தரு மிச்சரு தின்னுகினு இருந்தாரு பாருங்க, அவரு வாயத் தொறக்கணும். அதுக்கு டைம் குடுக்கறன்."

வெட்டினேன். இந்த முறை தண்ணீர் தொடவில்லை. காய்ந்த முடியில், கொஞ்சம் நீளம் விட்டு, சுழி போகிற பக்கமாகவே போகவிட்டு வெட்டினேன். சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு அழகாக விழுந்தது. முதல் நாளே இப்படி வெட்டியிருக்க முடியும். முதல் நாள் நான் மறைப்பதற்காக வெட்டினேன், அதனால் அந்த முடி என்ன சொல்கிறது என்று பார்க்கவே இல்லை. அவள் கண்ணாடியில் பார்த்துத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள், சிரித்தாள்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை வந்தாள். நடுவில் அவள் அம்மா, வீட்டில் பார்த்தால் நீளமே ஏறக் காணோமே என்று போன் செய்து, "முடி வளருதாக்கா?" என்று கேட்பார். "வளருதும்மா," என்பேன். பொய் இல்லை. வளர்ந்ததைத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன். நாற்காலியில் உட்கார்கிறவள் சொன்னதைப் படிக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது என்பது நம் தொழிலில் எழுதப்படாத சட்டம், அன்றைக்கு அது எனக்கு வசதியாகவும் இருந்தது. திருவாலங்காட்டிலிருந்தும் உறவுக்காரர் ஒருவர் மூலமாக மாதா மாதம் விசாரணை வந்தது. மொளைச்சுதா என்று கேட்பார்கள். இன்னும் இல்லை என்று சங்கீதா வீட்டிலிருந்து பதில் போகும். அந்தப் பெரியவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

நாலாவது மாதம் அந்தப் பையனே வந்தான். ஆண்களுக்கு அனுமதி இல்லை என்ற போர்டுக்குக் கீழே, படியில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, நீங்க வெட்டறத நிறுத்திட்டீங்கனா எல்லாம் சரியாப் பூடும். ஒரே பேஜாரா கீது."

"தம்பி, கேக்காம ஒரு தபா வெட்டி நான் பட்டது போதும். கேக்காம நிறுத்தவும் மாட்டேன்," என்றேன்.

அவன் நகரவில்லை. கைப்பிடிச் சுவரைச் சுரண்டிக்கொண்டு நின்றான். பெரியப்பாவிடம் பேசப் பயமாக இருக்கிறது என்றான். சின்ன வயதில் அப்பா போன பிறகு படிக்கவைத்தவர் அவர்தானாம், எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லையாம். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. நல்ல பையன், ஆனால் நல்ல பையனாக இருந்தே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைப்பவன். அந்த வீட்டில் ஒரு பெண் தனியாக நின்று பல்லைப் பார்க்கச் சொன்னாளே, அவளுக்குப் பயம் இல்லை என்றா நினைத்தாய் என்று மட்டும் கேட்டேன். அவன் படியிறங்கிப் போனான்.

அடுத்த முறை சங்கீதா வந்தபோது படியேறும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். நடந்தது இதுதான். களத்துமேட்டில் நெல் காயவைத்துக்கொண்டிருந்த பெரியப்பாவின் முன்னால் போய், பையன் உட்கார்ந்து தலையைக் குனிந்திருக்கிறான். அவனுக்கு உச்சியில் இரட்டைச் சுழி. சின்ன வயதிலிருந்து அதைக் காட்டி, உனக்கு இரண்டு பெண்டாட்டிடா என்று சொல்லி வந்தவர் அவர்தான்.

"ரெண்டு கல்யாணம்னு சொல்வியே பெரியப்பா," என்றானாம். "மொதல்ல ஒண்ண பண்ணி வையி. அந்தப் பொண்ணத்தான்."

பெரியவர் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே கொஞ்ச நேரம் நடந்தாராம். அப்புறம், தை மாதத்தில் நாள் பார்க்கச் சொல்லிவிட்டாராம். சுழியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். நான் பாட்டிலை மறுபடி எடுத்தேன். இனிமேல் வளர்க்கலாமே, கல்யாணத்துக்கு நெற்றிச்சுட்டி வைக்க வேண்டுமே என்றேன். அவள் துண்டைச் சுற்றிக்கொண்டாள். "எனுக்கு இது புடிச்சிகீதுக்கா," என்றாள். அதற்குமேல் கேட்பதற்கு எனக்குக் கேள்வி இல்லை.

கல்யாணத்துக்கு அலங்காரம் நான்தான். நெற்றிச்சுட்டி ஃப்ரிஞ்சுக்கு மேல் கொஞ்சம் சாய்ந்துதான் உட்கார்ந்தது, அவள் அதைச் சரிசெய்ய விடவில்லை. மேடையில் மாப்பிள்ளை ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கும்போது, முதல் வரிசையில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கையைக் காட்டிக் கூப்பிட்டார். எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது.

"இன்னாம்மா, இன்னும் மொளைக்கலியா?"

"மொளைக்குதுங்க ஐயா. வெட்டிக்கறாங்க."

"யாரக் கேட்டு?"

"அவங்களத்தான் கேட்டு."

அவர் மேடையைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பந்திக்குக் கூப்பிட ஆள் வந்ததும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"சுழி தெரியலம்மா," என்றார். "பல்லு நல்லா கீது."